சம்பந்தி வாங்கிய ஓப்பன் கார்

பிப்ரவரி 11: வெள்ளைக் கார். கேட்ட விலை 14,20,000. வாங்கவில்லை.
பிப்ரவரி 26: நீலக் கார். கேட்ட விலை 7,75,000. வாங்கவில்லை.
மார்ச் 15: சாம்பல் நிறக் கார். கேட்ட விலை 11,50,000. முடிந்த விலை 10,60,000.
மார்ச் 17: டயர் நான்கு, 62,000.
மார்ச் 18: பேட்டரி, 14,500.
ஏப்ரல் 9: மழைக்கோட்டு மூன்று, 2,100.

இவை என் நாட்குறிப்பில் இருந்தாலும் செலவழித்தது நானல்ல, என் சம்பந்தி. என் மகன் அவருடைய மகளைக் கட்டியிருக்கிறான். சம்பந்தி பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் மனைவியோடு இருக்கிறார். அப்படிப்பட்ட மனிதர் ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதியைக் கொண்டுபோய், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஓட்டும் கூரை திறக்கிற காரை, அதுவும் பழைய காரை வாங்கினார் என்று இந்த வட்டாரத்தில் சிரிக்காதவர் கிடையாது. சிரித்தவர்கள் பாதிதான் அறிவார்கள். மீதியை நான் எழுதிவைக்கிறேன்.

பஸ் டிப்போவில் அவருக்குக் 'கதவு' என்று பெயர். காலையில் வண்டியை எடுக்கும் முன் எல்லா டிரைவர்களும் டயரைத் தட்டுவார்கள், கண்ணாடியைத் துடைப்பார்கள். இவர் பின்னால் போய் அவசரக் கதவைத் திறந்து, இறங்கி, ஏறி, மூடிவிட்டு வருவார். தினமும். "கதவு வந்தாச்சு, வண்டி கெளம்பலாம்" என்று கண்டக்டர்கள் கிண்டல் செய்வார்களாம். அவர் ஓட்டிய காலம் முழுவதும் ஒரு பயணிக்குக்கூட அந்தக் கதவு தேவைப்படவில்லை.

ஏழு வருடங்களுக்கு முன் அவர் மனைவி, என் சம்பந்தியம்மா, கண் பரிசோதனைக்குப் போன கட்டடத்தில் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். தனியாக. மெக்கானிக் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. சம்பந்தி வெளியே நின்று கதவு இடுக்கில் வாயை வைத்துப் பேசிக்கொண்டே இருந்தார். முதலில் உள்ளேயிருந்து பதில் வந்தது. பிறகு தட்டும் சத்தம் மட்டும் வந்தது. கடைசியில் அதுவும் நின்றுவிட்டது.

அதன் பிறகு அந்த அம்மாள் பஸ், ரயில், கார், ஆட்டோ எதிலும் ஏறவில்லை. கதவைச் சாத்தினால் கை நடுங்கும், மூச்சு முட்டும். டாக்டர்கள் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். நடந்து போகக்கூடிய தூரம்தான் அவருக்கு உலகம் என்றாகிவிட்டது. கொஞ்ச நாள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனார். சம்பந்திக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதும் அதுவும் போயிற்று.

இந்த நிலையில்தான் என் மருமகள் கருவுற்றாள். மகனும் மருமகளும் இருக்கும் ஊர் இருநூறு கிலோமீட்டர். பிரசவம் கொஞ்சம் சிக்கலாகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் அவள் போனில், "அம்மா, உன்னால வர முடியாதுன்னு தெரியும்மா. பரவால்ல, அத்தை இருக்காங்கல்ல" என்றாளாம். அத்தை என்றது என் மனைவியை. அந்தப் 'பரவால்ல'தான் சம்பந்தியை ஆட்டிவிட்டது.

"லாரில பின்னாடி நாற்காலி போட்டுக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று மனைவியைக் கேட்டிருக்கிறார்.

"நான் என்ன சிமெண்ட் மூட்டையா? தார்ப்பாய் போட்டுக் கயிறும் கட்டிடுங்க!"

பிறகு ஒருநாள் மாலை என் வீட்டுக்கு வந்தார். நான் டீயை வாயில் வைத்த நேரம் பார்த்து, "சம்பந்தி, டாப்பு தொறக்கற கார் பழசு என்ன வெலைக்கு வரும்?" என்றார். டீ மூக்கில் ஏறிவிட்டது.

வாடகைக்குத்தான் முதலில் முயன்றோம். கல்யாண ஊர்வலத்துக்கு மணிக்கணக்கில் விடுகிறவர்கள் வெளியூர் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தவிர, போனால் திரும்பி வரவேண்டும், பேரக்குழந்தையைப் பார்க்க மறுபடி போகவேண்டும். வாங்குவது என்று முடிவாயிற்று. தேதி குறித்துக்கொள்ளவும் விலை பேசும்போது பக்கத்தில் நிற்கவும் நான் கூடப் போனேன்.

வெள்ளைக் கார் ஒரு பெரிய கடையில் கண்ணாடிபோல நின்றது. விற்பனைப் பையன் ஓடி வந்தான்.

"ஒரே ஓனர் சார். டாக்டர் வச்சிருந்தது. வாரத்துக்கு ஒரு தடவதான் எடுப்பாரு."

"நான் கேக்கற எல்லா வண்டியும் டாக்டருங்கதான் வச்சிருந்தாங்கறாங்க தம்பி. எப்ப வைத்தியம் பாப்பாங்க?"

பையன் சிரித்தான். சம்பந்தி எஞ்சினைப் பார்க்கவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார். யாரும் கடைசிவரை இழுப்பதில்லை. கடைசி முழத்தில் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு இருந்தது. விரலால் தேய்த்தார், மாவு போன்ற சேறு ஒட்டியது. பெல்ட்டை மெதுவாக உள்ளே போகவிட்டு, பையனின் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

"கழுத்தளவு தண்ணில நின்ன வண்டி சம்பந்தி. மேல எவ்ளோ பாலீஷ் வேணா போடலாம். பெல்ட்டுக்குள்ள யாரு கையி போகுது?"

நீலக் காரை ஒருவர் வீட்டு வாசலில் வைத்துக் காட்டினார். ஸ்விட்சை அழுத்தியதும் கூரை எழுந்தது, பாதி வந்து அப்படியே நின்றது, காற்றில் மடங்கிய குடைபோல.

"காலைல நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றார் வீட்டுக்காரர்.

சம்பந்தி டிக்கியைத் திறந்து பக்கவாட்டு அட்டையை விலக்கி விரலை விட்டார். எண்ணெய். கூரையைத் தூக்கும் பம்ப் கசிகிறது. வீட்டுக்காரர் உடனே ஒரு லட்சம் குறைத்தார். எனக்கு ஆசை வந்தது. "நமக்குத்தான் மூடவே வேண்டாமே சம்பந்தி. திறந்தே வைத்துக்கொண்டால் போகிறது" என்று காதில் சொன்னேன்.

"தொறந்தே நின்னா இப்பவே பணத்தக் குடுத்துருவேன். இது பாதில நிக்குது. அவ தலைக்கு மேல பாதில நின்னா?"

நான் வீட்டுக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

சாம்பல் நிறக் கார் ஒரு துணிக்கடை முதலாளியுடையது. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தது. அன்று சம்பந்தி செய்ததையெல்லாம் ஒரு பயிற்சிப் பள்ளியே வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். கூரையை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது திறந்து மூடினார். அரைமணி ஓட்டிச் சூடாக்கிவிட்டு மறுபடி திறந்து மூடினார். கார்பெட் ஓரங்களில் செய்தித்தாளை வைத்து அழுத்தி, ஈரம் ஏறுகிறதா என்று பார்த்தார். கூரை மடிந்து உட்காரும் பள்ளத்தில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். பிறகு ஆபரேஷன் ஆன முழங்காலைப் பார்க்காமல் தரையில் படுத்து, தண்ணீர் கீழே எங்கே வடிகிறது என்று பார்த்தார். அந்தத் துளை அடைத்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து சீட்டுக்கு அடியில் இருக்கும் மின்பெட்டிகளைத் தின்றுவிடுமாம். அதன்பின் ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, அந்த நிலையில் கதவைத் திறந்து மூடினார். தலையில் கூரை இல்லாத வண்டிக்கு உடம்புதான் பலம். அது தளர்ந்திருந்தால் தூக்கியதும் கதவு உரசும். உரசவில்லை.

முதலாளி பொறுமை இழந்துவிட்டார். "சார், வண்டிய வாங்கப் போறீங்களா, கட்டிக்கப் போறீங்களா?"

"கட்டிக்கிட்டப்போ இவ்ளோ பாக்கலைங்க."

"நானும்தான் பாக்கல" என்றார் நடந்தே அங்கு வந்து, கொட்டகை வாசலில் நின்றிருந்த சம்பந்தியம்மா. "அதான் இப்படி வெயில்ல நிக்கறேன்."

முதலாளி சிரித்துவிட்டு முன்சீட்டை மடக்கி, "அம்மா, பின்னாடி தாராளமா உக்காருங்க" என்றார். அவர் ஏறி உட்கார்ந்தார். மேலே வானம்தான். எல்லாம் நன்றாக இருந்தது. முதலாளி முன்சீட்டைப் பழையபடி தள்ளி நிமிர்த்தியதும் சம்பந்தியம்மாவின் முகம் வெளுத்தது. இரண்டே கதவுள்ள வண்டி. பின்சீட்டுக்குக் கதவு கிடையாது. கை இரண்டு பக்கமும் தடவியது, பிடியைத் தேடியது.

சம்பந்தி பதறவில்லை. "சீட்டு மேல ஏறி இறங்கிடு. ஒண்ணும் அவசரமில்ல" என்றார், பஸ்ஸில் கடைசியாக இறங்கும் ஆளிடம் சொல்வதுபோல.

அந்த அம்மாள் புடவையைச் சுருட்டிக்கொண்டு சீட்டில் ஏறி, காரின் விளிம்பைத் தாண்டி, என் தோளைப் பிடித்துக் குதித்தார்.

"லெதருங்க!" என்று அலறினார் முதலாளி.

"காலு கழுவிட்டுத்தான் வந்தேன்" என்றார் சம்பந்தியம்மா. மூச்சு இன்னும் சீராகவில்லை.

நான் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சம்பந்தி டிக்கியைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றினார். வண்டி செத்தது. மனைவியை முன்சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். "கரண்டு இல்ல. இப்பத் தொற" என்றார். இந்த மாதிரிக் கார்களில் சில, பேட்டரி போனால் உள்ளிருந்து திறக்கச் சண்டித்தனம் செய்யுமாம். அந்த அம்மாள் பிடியை இழுத்தார். திறந்தது. சம்பந்தி மறுபடி சாத்தினார், அந்த அம்மாள் மறுபடி திறந்தார். மூன்றாம் முறை அந்த அம்மாளே சாத்திக்கொண்டு தானே திறந்தார். ஏழு வருடத்தில் தன் கையால் ஒரு வண்டிக் கதவை அவர் சாத்தியது அன்றுதான்.

"யாரு பேர்ல வாங்கப் போறீங்க?" என்று மட்டும் கணவரைக் கேட்டார்.

"உன் பேர்லதான். உன் வண்டி. நீ நில்லுன்னா நிக்கும்."

பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னால் நிதானமாகப் போய்ச் சேர்வதாகத் திட்டம். குழந்தை வேறு திட்டம் போட்டிருந்தது. ஏப்ரல் 9 காலை மகன் போன் செய்தான்: வலி எடுத்துவிட்டது. என் மனைவி முன்பே அங்கே போயிருந்தாள்; நாங்கள் மூவரும் அடுத்த அரைமணியில் கிளம்பினோம். சம்பந்தி ஓட்ட, சம்பந்தியம்மா பக்கத்தில் கதவுப் பிடியில் கை வைத்தபடி, நான் கதவில்லாத பின்சீட்டில். ஒன்றரை மணி நேரம் தலைமுடி பறக்க நன்றாகவே போனோம். "ஏங்க, கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்" என்றுகூட அந்த அம்மாள் சொன்னார்.

பாதி வழியில் மழை பிடித்தது. தூறல் இல்லை, கொட்டுகிற மழை. ஒரு பெட்ரோல் பங்கின் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். காத்திருந்தோம். வானம் எந்தப் பக்கமும் வெளுக்கவில்லை. மகன் மறுபடி போன் செய்து, பிரசவ அறைக்குள் கொண்டுபோகப் போகிறார்கள், அவள் அம்மாவைக் கேட்கிறாள் என்றான்.

சம்பந்தியம்மா கூரை ஸ்விட்சைப் பார்த்தார். "மூடிடுங்க. நான் கண்ண மூடிக்கறேன்."

"கண்ண மூடிக்கிட்டு எதுக்குப் போகணும்?" என்றார் சம்பந்தி. "வண்டி நனஞ்சா காயும்."

எதிரே இருந்த கடைக்கு நனைந்தபடி நொண்டிக்கொண்டே ஓடி மூன்று மழைக்கோட்டு வாங்கி வந்தார். பிறகு கார்பெட்டைத் தூக்கி, தரையில் இருந்த நான்கு ரப்பர் மூடிகளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே விழும் தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாக ரோட்டுக்கே போய்விடும். எத்தனையோ நாள் தேடிப் பொறுக்கி எடுத்த வண்டி. அடைப்பு உண்டா, ஈரம் உண்டா என்று தரையில் படுத்துப் பார்த்து வாங்கிய வண்டி. அதை அவரே மழைக்குள் ஓட்டிக்கொண்டு போனார்.

வேகமாகப் போகும்போது முன்கண்ணாடி மழையைத் தலைக்கு மேலே தள்ளிவிடுகிறது என்பதை அன்று கண்டேன். முன்னால் இருப்பவர்களுக்கு அப்படி. தள்ளிய மழையெல்லாம் எனக்கு வந்தது. ஊருக்குள் சிக்னலில் நின்றபோது மூவருக்கும் சமமாகக் கொட்டியது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பெருசு, டாப்பு வேல செய்யலயா?"

"நல்லா வேல செய்யுது தம்பி. அதான் தொறந்திருக்கு."

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இருந்தது. சம்பந்தியம்மா அதைத் திரும்பியும் பார்க்காமல் மூன்று மாடி ஏறினார். சொட்டச் சொட்ட, தலையை மூடிய மழைக்கோட்டோடு போய் நின்றவரைப் பார்த்து என் மருமகள் வலியிலும் சிரித்துவிட்டாளாம். "யாரோ மீன் பிடிக்கற ஆளுன்னு நெனச்சேன்மா." அன்று சாயங்காலம் பேத்தி பிறந்தாள். பிறக்கும்போது அவள் பாட்டி மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கார் காய்ந்தது, ஆனால் பழையபடி ஆகவில்லை. டிரைவர் சீட்டை நகர்த்தும் மோட்டார் போயிற்று. வலது பக்க ஸ்பீக்கர் இருமுகிறது. எவ்வளவு வெயிலில் வைத்தும் ஈர வாசனை போகவில்லை. போன வாரம் நான் பின்சீட்டு பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். கடைசி முழத்தில் ஒரு கோடு, மெலிதாக, பழுப்பாக. சம்பந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த வண்டியை இன்று யாராவது விற்க வந்தால், அவர் வாங்கமாட்டார்.

குனிந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "நல்லதாப் போச்சு. வெவரம் தெரிஞ்சவன் எவனும் கேக்கமாட்டான். நாமளும் விக்கறதா இல்ல."

இப்போது வாரம் ஒருமுறை இருவரும் எங்கேயாவது போகிறார்கள். கூரை மூடி நான் பார்த்ததில்லை. வண்டியைச் சம்பந்தியம்மா பெயருக்கு மாற்ற விண்ணப்பித்திருந்தார்கள். பதிவு அலுவலகம் கையெழுத்துச் சரியில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பியது, முகவரிச் சான்று வேண்டும் என்று இன்னொருமுறை எழுதியது. உரிமையாளர் அவர்தான் என்று உறுதி செய்த கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது மே 28.