சின்னம்மா எழுதிக் கொடுத்த தோப்பு

அப்பாவின் விரல் வீங்கிப்போயிருந்தது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில், ஸ்கேனுக்குக் கொண்டுபோகும் முன் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. கட்டிலின் மறுபக்கம் நின்றவர், "தேங்கா எண்ணெ போட்டாத்தான் வரும் பாப்பா" என்று தன் பையிலிருந்து சிறிய பாட்டிலை எடுத்து நீட்டினார். கழன்று வந்த மோதிரத்தை என் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டுக்கொண்டேன். அறையில் அப்போது நாங்கள் இருவர்தான்.

அவர் இருபது வருடங்களுக்கு மேல் அப்பாவோடு வாழ்ந்தவர். அப்பா அவருக்குத் தாலி கட்டவில்லை. சின்னம்மா என்று இங்கே எழுதுகிறேன். நேரில் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் பேச்சு வந்தால் "அது" என்போம். நத்தம் பக்கம் எங்களுக்கிருந்த மாந்தோப்புகளில் நல்ல தண்ணீர் உள்ள ஒன்றை அப்பா அவர் பேருக்கு எழுதி வைத்திருந்தார். மற்றத் தோப்புகளும் அவர் சொல்படிதான் நடந்தன. எந்த வியாபாரிக்குக் காய் கொடுப்பது, யாரைக் காவலுக்கு வைப்பது, எல்லாம் அவர்தான். அப்பாவிடம் காரியம் ஆக வேண்டியவர்கள் முதலில் அவர் வீட்டு வாசலில்தான் செருப்பைக் கழற்றினார்கள். என் கல்யாண மண்டபத்தைப் பிடித்ததுகூட அவர் என்று பிறகு தெரிந்தபோது அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அப்பா இறந்த மூன்றாம் நாள், சொந்தக்காரர்கள் கூடியிருந்த கூடத்துக்கு அண்ணன் அவரை வரவழைத்தான். "அப்பா கையில கெடந்த மோதிரம் எங்க? பக்கத்துல இருந்தது நீதான். போலீசுக்குப் போகவா, இல்ல தோப்ப எழுதிக் குடுத்துட்டுப் போறியா?" என்றான்.

எனக்கு அப்போதுதான் கைப்பை நினைவுக்கு வந்தது. உள்ளறையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்துபோனால் பத்தடி. சின்னம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்து முந்தானையை மடித்துக்கொண்டிருந்தேன். பயத்தில்தான் பேசவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமில்லை. அந்தத் தோப்பு வந்தால் பாதி எனக்கு என்பது அந்த நொடியிலேயே மனதில் ஓடிவிட்டது. மறுவாரம் அவர் கையெழுத்துப் போட்டார். பாதி எனக்கு வந்தது. மோதிரத்தை அதன்பின் யாரிடமும் காட்ட முடியவில்லை.

போன வருடம் கொடைரோடு ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். அக்கா மகன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். தலை முழுக்க நரைத்திருந்தது, முதுகு மட்டும் பழையபடி நிமிர்ந்தே இருந்தது. என் பிள்ளைகளை விசாரித்தார். தாங்க முடியாமல் கேட்டேன்: "அன்னைக்கு நீங்க ஏன் சொல்லல?"

"நான் சொன்னா நம்பவா போறாக? நீ சொல்லுவேன்னு செத்த நேரம் பாத்தேன்."

என் பங்கை அவர் பேருக்கே மாற்றித் தருவதாகச் சொன்னேன். அவர் தலையசைத்து மறுத்தார். "தோப்பு வேணாம் பாப்பா. நான் எடுக்கலன்னு உங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லு. அம்புட்டுப் போதும்."

சரி என்றேன். அதன் பிறகு தீபாவளி வந்தது, அப்பாவின் திதி வந்தது, அண்ணன் மகள் நிச்சயதார்த்தமும் நடந்தது. போன வாரம்கூட அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். இலையைப் பார்த்தபடியே இருந்தவள் ஒருமுறை நிமிர்ந்தேன். "என்ன, ஏதோ சொல்ல வந்த?" என்றான்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.