நிற்காத டிரைவர் நின்ற இடம்

உட்கார்ந்தே சம்பாதிக்கிற மனுஷன், ஆனா உட்காரத் தெரியாது. பன்னிரண்டாம் எண் பேருந்து டிரைவரைப் பற்றி அவர் மனைவி சொல்வது இது. ஸ்டியரிங்குக்கு முன்னால் நாள் முழுக்க அசையாமல் இருப்பார். வீட்டு நாற்காலியிலோ ஒரு காபி ஆறும் வரை தங்கமாட்டார். எழுந்து போய்க் குழாயை இறுக்குவார். இறுகிய குழாயைத் தளர்த்தி, மறுபடியும் இறுக்குவார்.

தடத்தில் அவருக்கு வேறு பெயர்: ‘நிக்காத டிரைவர்’. நிறுத்தங்களில் நிற்பார், அதில் குறை சொல்ல முடியாது. ஓடி வருகிறவருக்காக மட்டும் நிற்கமாட்டார். “பின்னாடி ஒரு வண்டி வருது” என்பார், கண்ணாடியைப் பார்த்தபடி.

அந்த வாக்கியத்தை அதிகம் கேட்டவர் பல் ஆஸ்பத்திரி அம்மா. ஒரு பல் மருத்துவரிடம் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை. வீடு சந்தை நிறுத்தத்துக்கு நேர் எதிரே. எதிரே இருப்பதால்தான் அவருக்கு எப்போதும் தாமதமாகும். தூரத்திலிருந்து வருகிறவர்கள் முன்கூட்டியே கிளம்பிவிடுகிறார்கள். வண்டியைக் கண்ட பிறகு கிளம்பும் வசதி இவருக்கு மட்டும்தான். ஆகவே பல வருடமாக மதியத்தில் ஒரு கையில் பையும் மறு கையில் செருப்புமாக அவர் ஓடிவருவதும், கதவு மூடுவதும் வழக்கமாகியிருந்தது.

அந்த ஊரில் ஆண்களுக்கான சர்வதேச ஹாக்கிப் போட்டி நடந்தது. அணிகளை ஏற்றிச்செல்ல வண்டிகள் போதாமல், நகரப் பேருந்துகள் சிலவற்றை டிரைவரோடு சேர்த்து இரவல் வாங்கினார்கள். நம்மவருக்கு வாய்த்தவர்கள் கடல் கடந்து வந்த பச்சைச் சட்டைக்காரர்கள். பயிற்சி ஆட்டங்களில் எல்லாம் தோற்று, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முதல் ஆட்டத்துக்கு வண்டி ஏறினார்கள்.

ஆயுசில் பாதியை ஊர் சுற்றியே கழித்தவருக்கு ஊர் தெரியாது. பன்னிரண்டாம் எண் போகிற தெருக்கள் தெரியும், அவ்வளவுதான். ஹோட்டலிலிருந்து மைதானத்துக்கு மணிக்கூண்டுச் சந்திப்பில் நேராகப் போகவேண்டும் என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். படத்தைப் பார்த்தது கண்கள். கைகள் பார்க்கவில்லை. அவை பழக்கப்படி இடது பக்கம் ஒடித்தன. அவர் சுதாரிப்பதற்குள் வண்டி சந்தை நிறுத்தத்தில் நின்றது, கதவு திறந்தது, பல் ஆஸ்பத்திரி அம்மா ஏறியும்விட்டார்.

வண்டியில் ஒட்டியிருந்த கொடியையோ விளம்பரத்தையோ அவர் கவனிக்கவில்லை. டிரைவர் முகம் போதுமாக இருந்தது. கம்பியைப் பிடித்து நிமிர்ந்தால் வண்டி முழுக்கப் பச்சை. முன்பல் போன ஒரு தடுப்பாட்டக்காரன் சிரித்துக்கொண்டே எழுந்து இடம் கொடுத்தான்.

“அந்தப் பல்லைக் கட்டிடலாம்ப்பா. ரொம்ப ஆகாது. ஒரு நாள் வந்துட்டுப் போ” என்றார் அம்மா, தொழில் பழக்கத்தில்.

அணியோடு வந்த மொழிபெயர்ப்புப் பெண் அதையும் கடமையாக மொழிபெயர்த்தாள். வண்டியே குலுங்கிச் சிரித்தது. பாதுகாப்புக்கு வந்த காவலர்கூட விழித்துக்கொண்டார். அன்று நான்கு கோல் போட்டு ஜெயித்தார்கள்.

அடுத்த ஆட்டத்துக்குக் கிளம்பும்போது பயிற்சியாளர் டிரைவரிடம் வந்தார். ஆட்டம் முழுவதையும் எண்களாக நறுக்கிக் கணினியில் வைத்திருக்கும் அறிவியல்வாதி அவர்.

“அண்ணா, அன்னைக்குப் போன வழியிலயே போகணுமாம்” என்றாள் மொழிபெயர்ப்புப் பெண். “அந்த ஸ்டாப்ல நிக்கணும், கதவைத் திறக்கணும், அந்தம்மா ஏறணும்.”

“அது தப்பு வழின்னு சொல்லும்மா.”

“சொல்லிட்டேன். தப்பு வழிதான் வேணுமாம்.”

அப்படியே நடந்தது. அம்மா ஓடாமல் ஏறினார், இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினார், பச்சைச் சட்டைகள் வென்றுகொண்டே போனார்கள். அரையிறுதிக்கும் வந்தார்கள். அங்கே எதிரே நிற்கப்போவது டிரைவரின் சொந்த நாட்டு அணி.

மைத்துனன் வீட்டுக்கே வந்துவிட்டான். “மாமா, நேர் ரோட்ல போயிடுங்க. தப்பு வழியில போகச் சொன்னாத்தானே பாவம்? நான் சரியான வழியிலதானே போகச் சொல்றேன்!”

“உனக்கு ஹாக்கியில எத்தனை பேர் ஆடுறாங்கன்னு தெரியுமா மாப்ள?”

“அதெல்லாம் எதுக்கு? எல்லாரும் நம்ம ஆளுங்க.”

மனைவி குறுக்கே வந்தார். “மட்டையைப் பிடிக்கிறது அவனுங்க, ஸ்டியரிங்கைப் பிடிக்கிறது இவரு. இதுல நாடு எங்கேருந்துடா வந்துச்சு?” தம்பியை விரட்டிவிட்டு, பாத்திரத்தைத் துடைத்தபடி கேட்டார்: “சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். எந்த ரோட்ல போகப்போறீங்க?”

டிரைவர் எழுந்து போய்க் குழாயை இறுக்கினார்.

ஆட்ட நாளன்று வண்டியை இரண்டு முறை கழுவினார். கண்ணாடியைத் திருப்பினார், பழையபடி வைத்தார். மணிக்கூண்டு வந்தது. நேரே போனால் நாட்டுக்கு நல்லது, ஏறியவர்களுக்குத் துரோகம். திரும்பினால் நேர்மாறு. இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை அவர். நம்பாத விஷயத்துக்கு ஏன் கால் பிரேக்குக்குப் போகிறது என்பதுதான் விளங்கவில்லை. ஏறினவன் கேட்ட வழியில் போவதுதான் பிழைப்பு என்று கடைசியில் இடது பக்கம் ஒடித்தார். முதல் நாள் கைகள் தாமாகத் திருப்பின. இன்று அவரே திருப்ப வேண்டியிருந்தது.

சந்தை நிறுத்தத்தில் கதவு திறந்தது. அம்மா இல்லை.

நின்றார். பின்னால் பன்னிரண்டாம் எண் வந்து ஒலி எழுப்பியது. “நிக்காத டிரைவரா இது? வண்டி ரிப்பேரா அண்ணே?” என்று தலையை நீட்டினான் மாற்று டிரைவர். முன்பல் போனவன் படியில் இறங்கித் தெருவின் இரு பக்கமும் பார்த்தான். பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். டிரைவர் எதிர்வீட்டு வாசலைப் பார்த்தார். தன் வாழ்நாளில் அதுவரை யாருக்கும் நிற்காத நேரம் நின்ற பிறகு, பயிற்சியாளர் கையசைக்க, கதவை மூடினார்.

அவர் ஒரு ஆட்டத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் சக்கரங்களைச் சுற்றியபடி காதால் கேட்பதுதான். இரைச்சல் எழுந்தால் நம் நாட்டு கோல். திடீரென்று ஊரே ஊமையானால் அவர் வண்டியில் வந்தவர்களின் கோல். அன்று முதலில் ஊமையானது. பிறகு ஓர் இரைச்சல். முடிகிற நேரத்தில் இன்னொன்று, அது அடங்கவேயில்லை. சந்தோஷப்படலாம் என்று முகத்தை ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது பச்சைச் சட்டைகள் ஒவ்வொன்றாக வந்து ஏறின.

முன்பல் போனவன் படியில் நின்று ஏதோ கேட்டான். “அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையான்னு கேக்குறாரு” என்றாள் மொழிபெயர்ப்புப் பெண்.

வீட்டில் மைத்துனன் கட்டிப்பிடித்துக்கொண்டான். “சாதிச்சுட்டீங்க மாமா!”

“நான் சந்தை வழியாத்தான்டா போனேன்.”

“ஆமா ஆமா, அப்படித்தான் வெளிய சொல்லணும்” என்று கண்ணடித்தான். மனைவி அன்று காபியில் கூடுதலாகச் சர்க்கரை போட்டிருந்தார். செய்யாத துரோகத்துக்குக் கிடைத்த மரியாதையை மறுக்க அவருக்கு வழி தெரியவில்லை.

போட்டி முடிந்து, பன்னிரண்டாம் எண்ணுக்குத் திரும்பினார். சந்தை நிறுத்தத்தில் பல் ஆஸ்பத்திரி அம்மா முன்னதாகவே நின்றிருந்தார். நிதானமாக ஏறி, முன்னிருக்கையில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கென்ன? ஜன்னல் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“அப்ப நாட்டுக்காகத்தான் வரலையா?”

“முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் அந்தப் பல்லு போன பையன் தெருவைப் பாக்குறான், எனக்கு மனசு கேக்கல. செருப்பெல்லாம் மாட்டிட்டேன்.” அம்மா பையை மடியில் சரிசெய்தார். “அப்பத்தான் உங்களைப் பாத்தேன். கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு எனக்காக நிக்கிறீங்க! எத்தனை வருஷம் ஓடியிருக்கேன் டிரைவர், ஒரு நாளாவது நின்னிருப்பீங்களா? இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

டிரைவர் கதவை மூடினார். கண்ணாடியில் யாரோ ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. வண்டியை எடுத்தார். நிறுத்தினார். மறுபடி எடுத்தார்.

“ஏதாவது ஒண்ணு பண்ணுங்க. எனக்கு நேரமாகுது” என்றார் அம்மா.