கீரப்பாளையத்தில் தோடு போட்ட எலிகள்

சனிக்கிழமை, காலை 4.45, கடலூர் பேருந்து நிலையம். எலி பார்ப்பதற்காக விடியுமுன் எழுந்து கிளம்பிய கணவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வயல் எலிகள் எப்படிப் பெருகுகின்றன, எப்போது குறைகின்றன என்று ஆராய்கிறவள் என் மனைவி நித்யா. சிப்காட் தாண்டுவதற்குள் நான் தூங்கிவிட்டேன், அவள் தூங்கவில்லை. அவள் ஆராயும் வயலில் முந்தின நாள் பொறிகள் காலி; மறுபடி வைத்துவிட்டு வந்திருந்தாள். மறுநாள் அங்கே அறுவடை. இந்தப் பருவத்துக்கு இதுதான் கடைசிப் பிடிப்பு.

சிதம்பரம் 45 கிலோமீட்டர். டீ பன்னிரண்டு ரூபாய், சுமார்தான். அங்கிருந்து கீரப்பாளையத்துக்கு இன்னொரு பஸ். வழியில் எனக்குப் பாடம் நடந்தது. பிடித்த எலியின் காதில் சின்னத் தகடு மாட்டி அதே வயலில் விட வேண்டும். பிறகு பிடிபடுவதில் எத்தனைக்குத் தகடு இருக்கிறது என்று பார்த்தால், வயலில் மொத்தம் எத்தனை என்று கணக்குப் போடலாம். கஷ்டப்பட்டுப் பிடித்ததை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரிந்தது.

6.40. வயல்காரர் கலியபெருமாள் வரப்பிலேயே காத்திருந்தார். இரண்டு வருஷமாக நித்யாவுக்கு அவர் மாமா. ஆகவே நான் மாப்பிள்ளை.

"வா மாப்ள, காதுகுத்துக்கு வந்தியா? பொட்டி பூரா ரொம்பிக் கெடக்கு, போய்ப் பாரும்மா!"

உண்மைதான். நித்யாவின் முகம் மலர்ந்தது. நாலாவது பொறியைத் திறந்தபோது வாடியது. ஒன்றின் காதிலும் தகடு இல்லை. மூடிகளில் ஈரச் சேறு.

"இது எப்புடி மாமா?"

"நேத்து காலிப் பொட்டியப் பாத்து மூஞ்சி சுண்டிப் போனியே. இன்னைக்கும் வெறுங்கையோட போவக் கூடாதுன்னு, பக்கத்து வயல்ல எலி வளைய வெட்டிப் புடிச்சாந்து போட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"கணக்கே போச்சு மாமா," என்றாள்.

அவர் போனை எடுத்தார். "அறுப்பு மெஷினு நாளைக்கு வாணாம்பா, திங்கக்கெழம அனுப்பு."

"கதிரு முத்திப் போச்சு, எலியும் ஜாஸ்தி. கிறுக்கா ஒனக்கு?" என்றார் அவர் மனைவி தமிழரசி.

"ஒரு ராத்திரிதான, உடு."

கொண்டுவந்த எலிகளை அவரே திரும்பக் கொண்டுபோய் விட்டு, பக்கத்து வயல்காரரிடம் திட்டும் வாங்கினார். நித்யா பொறிகளை மறுபடி வைத்தாள்; ராத்திரி அவர் வீட்டிலேயே தங்கினோம்.

ஞாயிறு காலை. அவரைக் கிட்டே வரக்கூடாது என்று சொல்லிவிட்டோம். தூரத்து வரப்பில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"தோடு இருக்கா?"

"இருக்கு மாமா!" நித்யா குதித்தாள்.

அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் கடலூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். ஒரு எலி ஒரு ராத்திரியில் எவ்வளவு நெல்லைத் தின்னும், எவ்வளவைக் கடித்துப் போடும் என்பது அவளுக்கு மனப்பாடம். அந்த வயலில் எத்தனை எலி என்பதும் இப்போது தெரியும்.