ஏலகிரியில் கேட்ட எண்

தேவசகாயம் சார் தூக்கத்திலேயே போய்விட்டார் என்ற செய்தி, காலை ஆறரை மணிக்கு நம் நடைக்குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டு முறை படித்தேன். பிறகு, அனுப்பிய கபீர் பாய்க்கு போன் செய்து, "நிச்சயமா பாய்?" என்று கேட்டேன். "சார், நான் அவர் வீட்டு வாசல்லதான் நிக்கிறேன்" என்றார்.

மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் அவரும் நானும் பல வருடம் எதிரெதிர் மேசை. ஓய்வுபெற்ற பின், தாம்பரத்தில் நம்மையெல்லாம் சேர்த்து அவ்வப்போது வேனில் ஒருநாள் பயணம் அழைத்துப் போனார். அவர் முறை உங்களுக்குத் தெரியும். வேன் கிளம்பும் முன் ஒவ்வொருவரும் தன் எண்ணைத் தானே சொல்ல வேண்டும். அவர் ஒன்று, நான் கடைசி, பதினெட்டு. பட்டியலில் டிக் போடுவதும் நான். "பேரைக் கூப்பிட்டா தூங்கறவன் பதில் சொல்ல மாட்டான் சார். நம்பர்னா பக்கத்துல இருக்கறவன் இடிச்சு எழுப்புவான்" என்பார்.

கடைசியாகப் போனது ஏலகிரி. ஏரியில் படகு சவாரி, கரையில் பஜ்ஜிக் கடைகள், பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல். மூன்று மணிக்குப் பனி இறங்கியது. முதலில் படகுகள் மறைந்தன. பிறகு ஏரியே மறைந்தது. கூச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. வேனில் ஏறி எண் சொன்னோம். முன்பக்கமிருந்து "ஒண்ணு" என்று அவர் குரல் கேட்டது. தாளைப் பார்த்தபடியே டிக் போட்டேன்.

மலையின் இரண்டாவது வளைவில் டிரைவர் திரும்பி, "இன்னா சார், பெரியவரு சீட்டு காலியா கீது?" என்றார்.

"என் காதால கேட்டேனே!" என்றார் கபீர் பாய். எல்லோரும் கேட்டிருந்தோம். வேன் திரும்பியது.

வேன் நின்ற இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, ஏரிக்கரை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். "டீ குடிக்கப் போய் லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்றார். "தலைவரே, அடுத்த தடவை உங்களைக் கயித்துல கட்டித்தான் கூட்டிட்டுப் போவணும்" என்று கேலி செய்தோம். சிரித்தார்.

கைகொடுத்துத் தூக்கியபோது என்னிடம் மட்டும் சொன்னது வேறு. "நெஞ்சை அடைச்சுது சார். எழுந்திருக்க முடியல. நீங்க நம்பர் சொல்றது இங்க கேட்டுச்சு. நானும் ஒண்ணுன்னு சொன்னேன். பதினெட்டு வரைக்கும் கேட்டேன். அப்புறம் வண்டி கிளம்பிடுச்சு." கை சில்லிட்டிருந்தது. "வீட்ல சொல்லாதீங்க. அப்புறம் கேட்டைத் தாண்ட விடமாட்டாங்க."

சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது எனக்கு எப்போதும் எளிது. அடக்கத்தன்று அவர் மனைவி, "ஏலகிரியில ஏதாவது ஆச்சா அண்ணா? வந்ததுலேருந்து அவர் சரியாவே இல்ல" என்று கேட்டபோதும், "இல்லம்மா" என்றேன்.

அவர் டீ குடிக்கப் போகவில்லை, நண்பர்களே. நிமிர்ந்து ஆளைப் பார்க்காதது என் தவறு. மறைத்தது அதைவிடப் பெரியது. அன்றே சொல்லியிருந்தால் அவர் இருந்திருப்பாரோ என்னவோ.

இதுவரை எழுதியதை நேற்று அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். அந்த அம்மா ஒன்றுதான் கேட்டார்: "அந்தக் குரல்ல மூச்சு வாங்குச்சா அண்ணா?"

"இல்லம்மா. பக்கத்துல உட்கார்ந்து சொன்ன மாதிரி தெளிவா இருந்துச்சு." இந்த முறை உண்மையைச் சொன்னேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் குரல்தான். எங்கிருந்து வந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. வந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.