பாலத்தைத் தாண்டாத குதிரை

சாந்த் பாஷாவின் மகள் உஸ்மா போன் செய்தபோது மாலை நாலரை மணி. "மாமா, அப்பா கடையிலயே போயிட்டாருங்க," என்றாள். மாரடைப்பு. அக்னி நட்சத்திரம், தகரக் கொட்டகை, ஃபேனையும் நிறுத்தி வைத்திருக்கிறார். சாந்த் பாஷா தன்னையே டெஸ்ட் செய்து பார்த்துவிட்டார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

செங்கம் சாலையில் அவருக்குக் கம்ப்யூட்டர் கடை. பாகங்களைக் கோத்து எந்தக் கம்ப்யூட்டரைச் செய்தாலும், மதிய வெயிலில் அதைப் பின்கொட்டகைக்குத் தூக்கிப்போய், ஃபேனை நிறுத்திவிட்டு, கனமான ஒரு வீடியோ கேமை ஓட்டுவார்.

"யூடியூப்ல ஏசி ரூம்ல குந்திக்கினு டெஸ்ட் பண்றானுங்க. நம்ம ஊர்ல மலையே அடுப்பு மாதிரி காயுது. இங்க ஓடணும் சாமி!"

அவருக்கு விளையாடத் தெரியாது. ஆட்டத்தின் முதல் வேலை, வழிதவறிய ஒரு குதிரையைப் பாலத்துக்கு அப்பால் இருக்கும் கிழவனிடம் ஒப்படைப்பது. பாஷா குதிரையோடு பாலத்தின் நடுவில் நின்றுவிடுவார். மழை, ஆறு, சந்தைக் கூட்டம், தீப்பந்த வெளிச்சம் எல்லாம் ஒன்றாகத் தெரிவது அங்கேதான். கம்ப்யூட்டர் திணறுவதும் அங்கேதான். நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று திரையின் மூலையில் ஓர் எண் காட்டும். அறுபதுக்குக் கீழே இறங்கினால் அந்தக் கம்ப்யூட்டர் கடையை விட்டுப் போகாது.

போன வருஷம் என் தங்கை சைலஜாவுக்கு வீட்டிலிருந்தே கேம்களைச் சோதிக்கும் வேலை கிடைக்கவிருந்தது. அதற்காகப் பாஷாவிடம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் பார்க்க, திக்காமல் ஒரு கேமை ஓட்டிக்காட்ட வேண்டும். சனிக்கிழமையே அது திக்கியது.

"பாய், உங்க பொட்டி கவுத்துடுச்சு. என் வேலை போச்சு!" என்று போனில் கத்தினாள்.

பாஷா பறந்து வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்று சிரித்தார். நாங்கள் கோயில் குருக்கள் குடும்பம். ஆயுத பூஜைக்கு அப்பா கம்ப்யூட்டருக்கு விபூதி, சந்தனம், சாமந்தி மாலை எல்லாம் சாத்தியிருந்தார். சூடு வெளியேறும் பின்பக்கத்தை மாலை மூடியிருந்தது. உள்ளே ஃபேனில் சாமந்தி இதழ்.

"மூக்குல மாலைய அடைச்சி, வாயில விபூதிய கொட்டி வெச்சிருக்கீங்க. அபிஷேகம் ஒண்ணுதான் பாக்கி."

"சாமி காரியம் பாஷா," என்றார் அப்பா.

"சாமிக்கு வேர்க்காதுங்க குருக்களய்யா. இதுக்கு வேர்க்கும்."

எல்லாவற்றையும் பிரஷ்ஷால் கூட்டித் தள்ளிவிட்டு, எங்கள் வீட்டு ஃபேன்களையும் நிறுத்தினார். குதிரை பாலத்தில் நின்றது. நாங்கள் நால்வரும் வேர்த்து நின்றோம். அறுபத்தொன்று. ஐம்பத்தெட்டு.

"கம்மியாவுது பாய்!" என்று அலறினாள் சைலஜா.

ஒட்டியிருந்த கடைசி இதழை அவர் குறடால் பிடுங்கினார். எண் ஏறி அப்படியே நின்றது.

"உன்னால நான் இன்னொரு தடவ குளிக்கணும்டா," என்றார் அப்பா.

சைலஜாவுக்கு வேலை கிடைத்தது. அதைச் சொல்லப் போனவள், "இனிமேயாவது அந்தக் குதிரைய கிழவன்கிட்ட விடுங்க பாய்," என்றாள்.

"கிழவன் வெயிட் பண்ணட்டும். கடைய மூடற அன்னைக்கு உடறேன்."

இன்று கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை உஸ்மா என்னை நிறுத்தச் சொன்னாள். மூலையில் அறுபத்திரண்டு, அந்தக் கம்ப்யூட்டர் தேறிவிட்டது. குதிரை பாலத்தின் நடுவில் நின்றிருந்தது.