தேத்தண்ணி கொடுக்கக் கூடாத இடம்

கவுன்சிலிங் எனப்படும் உளவளத்துணையில் எங்களுக்குத் தந்த பயிற்சியின் பாதி மடிக்கணினிக்குள் இருந்தது. மற்றப் பாதி மாதத்துக்கு ஒருமுறை மன்னார் நகரத்தில், மின்விசிறி சுற்றாத ஒரு மண்டபத்தில். ஆய்வுகளால் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை என்றார்கள். மனதை வதைக்கும் நினைவை ஒருவர் முழுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதன் வேகம் தணியும். இடையில் நிறுத்தக் கூடாது. இதை விளக்கிய காணொளியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மெத்தைக் கதிரையில் இருந்து அழுதாள். கீழே ஓடிய தமிழ் எந்த ஊர்த் தமிழ் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அரிப்புக் கிராமத்தில் எனக்குச் சிக்னல் கிடைத்த ஒரே இடம் மாதா கோயில் மதிலடி. வெயிலில் குந்தியிருந்து, வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும் திரையைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படியிருந்தும் பாட முடிவில் வந்த கேள்விகளுக்கு முழுப் புள்ளி எடுத்தேன். 'எதிரில் இருப்பவர் அழுதால் என்ன செய்வீர்கள்?' என்று ஒரு கேள்வி. 'குறுக்கிடாமல் கேட்பேன்' என்ற விடையை அழுத்தினேன். பச்சை நிறத்தில் சரி விழுந்தது.

பயிற்சிக்காக நான் சந்தித்த அக்கா, இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து குடியேறியவர். போர்க்காலத்தில் படகில் தப்பிப் போனபோது நாலு வயது மகளைக் கடலில் இழந்தவர். ஊர் திரும்பியும் கடற்கரையில் கால் வைக்கவில்லை. கணவருக்குக் கடல்தொழில் தவிர வேறொன்றும் தெரியாது. வலையில் மீன் கழற்ற அவருக்கு உதவிக்கு ஆளில்லை.

"நான் கரைக்குப் போகோணும் மிஸ். அவர் தனியக் கஷ்டப்படுறார்," என்றார் முதல் நாள். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

பொதுமண்டபத்தின் பின்னறையில் வாரம் ஒருமுறையாக ஐந்து கிழமை சந்தித்தோம். அவர் சம்மதத்துடன் பதிவுசெய்து, கொழும்பிலிருந்த மேற்பார்வையாளருக்கு அனுப்புவேன். அக்கா படகில் ஏறியதைச் சொல்வார், காற்றைச் சொல்வார், படகு சரிந்ததைச் சொல்வார். அந்த இடத்தில் குரல் உடையும். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அடுத்த கிழமையும் அதே இடம்தான். இந்தச் சிகிச்சை எங்கள் சனத்துக்குச் சரிவராது, குளிரூட்டிய அறைக்குள் இருந்து எழுதியது என்று வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

ஒருநாள் மேற்பார்வையாளர் தொலைபேசியில் கேட்டார்: "ஒவ்வொரு பதிவிலயும் அவங்க அழத் தொடங்கின உடனே டிங்கெண்டு ஒரு சத்தம் கேக்குது. அது என்ன?"

"கோப்பை," என்றேன். "தேத்தண்ணி குடுக்கிறனான்."

எங்கள் பக்கத்தில் அழுகிறவரைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. செத்தவீட்டிலும் யாராவது ஒரு கோப்பையை நீட்டி, "இந்தா, குடி, அழாத" என்று சொல்லியே ஆகவேண்டும். ஐந்து கிழமையும் சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து, பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக் கையில் கொடுத்து, நானே அவர் வாயை அடைத்திருக்கிறேன். முழுப் புள்ளி எடுத்த கெட்டிக்காரி! என்மேல் எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

ஆறாம் கிழமை போத்தலைக் கொண்டுபோகவில்லை. அக்கா படகு சரிந்த இடத்துக்கு வந்து அழுதார். நான் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன மிஸ், இண்டைக்குத் தேத்தண்ணி இல்லையோ? என்னோட கோவமோ?"

"கோவமில்லை அக்கா. தேத்தண்ணியைத் தந்து தந்து நான்தான் உங்களைக் கதைக்க விடேல்லை. என்ர பிழை."

"அப்ப மிச்சத்தையும் கேப்பீங்களோ?"

"ஓம் அக்கா."

"எங்க சொல்லத் தொடங்கினாலும் குடிக்கத் தருவினம். சனத்தால தாங்கேலாதாக்கும் எண்டு நானும் குடிச்சிட்டு இருந்திடுவன். நீங்களும் தாங்கமாட்டீங்கள் எண்டுதான் நினைச்சனான்."

அவர் கரைக்குப் போகப் பிறகும் பல கிழமை எடுத்தது. போனார். ஆனால் அந்தப் பயிற்சி முழுவதிலும் என்னை விட்டுப் போகாதது அன்று அவர் சொன்ன மிச்சம்தான்.

"அலை இழுத்ததெண்டு எல்லாரும் சொல்லுவினம். அலை இழுக்கேல்லை மிஸ். மற்றக் கையில கைக்குழந்தை. நான்தான் அவளை விட்டனான்."