முகூர்த்த நாள் மாத்திரை

வாய்ப்புண்ணுக்கு மாத்திரை கேட்டு அந்த அக்கா வந்தது அது இரண்டாவது முறை. முதல் முறை வந்தபோது நான் எதுவும் கேட்காமல் சத்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து நீட்டியிருந்தேன். நான் வேலை பார்க்கும் காரைக்குடி மருந்துக்கடையில் மாலை நேரங்களில் கூட்டம் அதிகம். அன்று அது எனக்குப் போதுமான காரணமாகத் தோன்றியது.

அவர் கோட்டையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருபவர். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்யும் குழுவில் இருபது வருடங்களாக இருக்கிறார். சீப்புச் சீடையை விரலில் சுருட்டிச் சுருட்டியே மூட்டுகள் வீங்கிப்போயின என்பார். மருத்துவர் அதை மூட்டுவாதம் என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதித் தந்திருந்தார். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் போடக் கூடாத மாத்திரை. கல்லூரியில் நான் அந்தப் பக்கத்தை அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறேன்.

"எண்ணெச் சட்டி ஆவி பட்டாலே வாயி எரியுது தாயி. நேத்து பாகு ருசி பாக்க இன்னொருத்தியக் கூப்பிட வேண்டியதாப் போச்சு. சமையக்காரி வாயில புண்ணுன்னு தெரிஞ்சா எந்த வீட்டுல கூப்பிடுவாக?"

உதட்டைப் பிரித்துக் காட்டினார். உட்புறம் முழுவதும் வெள்ளையாக உரிந்திருந்தது. சத்துக்குறைவால் வரும் புண் இப்படி இருக்காது.

"அக்கா, அந்த மூட்டு மாத்திரைய எப்பப் போடுறீக?"

"முகூர்த்த நாளுக்குப் போடுறேன்."

"வெளங்கலையே."

"வேல இருக்க நாளுக்கு. அன்னைக்குத்தான கை வலிக்கும்? முதநாளு மாவு பிசையணும், மறுநாளு சுட்டு எடுக்கணும். ஆவணி மாசத்துல எங்க சும்மா உக்காந்திருக்கோம்? அநேகமா தெனமும்தான். வேல இல்லாத வாரம்னா நீ சொன்ன மாதிரி ஒண்ணே ஒண்ணு."

அளவு மீறினால் வாயைப் புண்ணாக்கி இரத்தத்தையே கெடுத்துவிடும் மாத்திரை அது. பத்து மாத்திரை கொண்ட ஓர் அட்டை பத்து வாரம் வர வேண்டும். ஆறு வாரத்துக்குள் அவர் மூன்று அட்டைகள் வாங்கியிருந்தார். மூன்றையும் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

"பின்னால ஆளு நிக்கிறாக," என்றார் முதலாளி. "இங்குட்டுப் பள்ளிக்கூடமா நடத்துறீக?"

அந்த மாத்திரையை இனித் தொடக் கூடாது என்று அக்காவிடம் சொல்லி, ஓர் ஆட்டோவை நிறுத்தி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அபாயகரமாகக் குறைந்திருந்தன. "இன்னும் ஒரு வாரம் போயிருந்தா..." என்று தொடங்கிய மருத்துவர் அவரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். உடனே படுக்கையில் சேர்த்தார்கள்.

மூன்றாம் நாள் போனபோது அணுக்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணிடம் அவர் என்னைக் காட்டி, "இந்தப் புள்ளதான் கண்டுபிடிச்சுச்சு. இது கேக்காட்டி நான் இந்நேரம் போய்ச் சேந்திருப்பேன்," என்றார்.

என்னால் அங்கே நிற்கவே முடியவில்லை. முதன்முதலில் மூட்டு மாத்திரையைக் கொடுத்தபோது நான் சொன்னது ஒவ்வொரு சொல்லாக நினைவில் இருந்தது. "வாரத்துக்கு ஒண்ணு. மூட்டு வலிக்குத்தான். புரிஞ்சுதா?" அவர் தலையாட்டினார். நான் அடுத்தவரின் மருந்துச் சீட்டை வாங்கினேன். வலிக்கான மாத்திரை என்று சொன்னால், வலிக்கும் நாளில்தான் யாரும் போடுவார்கள். அதில் அவருடைய பிழை எங்கே இருக்கிறது? எந்தக் கிழமை என்று நான் சொல்லவில்லை. மீறினால் என்ன ஆகும் என்றும் சொல்லவில்லை. அவருக்கு எந்த நாளில் என்ன வேலை என்று கேட்கவும் இல்லை.

"தப்பு என்னோடதுதான் அக்கா," என்றேன். "நான் சரியாச் சொல்லல. அடுத்தடுத்து அட்டை வாங்கினப்பவும் கேக்கல."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப வேற யாருக்கெல்லாம் இப்பிடிச் சொல்லிக் குடுத்த?"

அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

கடைக்குத் திரும்பி, அந்த மாத்திரையை வாங்கிப்போனவர்களின் எண்களைத் தேடி எடுத்தேன். முதலாளி ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. முதல் எண் அரியக்குடிக்காரர் ஒருவருடையது. மணி அடித்தது. எடுத்தார்.

"ஐயா, மருந்துக்கடையிலருந்து பேசுறேன். அந்த மூட்டு மாத்திரைய என்னென்னைக்குப் போடுறீக? நீங்களே சொல்லுங்க."

அவர் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசவில்லை.